கெட்ட செய்தி எப்போது காதுக்கு வருகிறது?

வாசகர் கேள்வி-பதில்: தலைமைப் பொறுப்பு

கேள்வி: 9 பேர் கொண்ட டீமுக்குத் தலைமை ஏற்று 4 மாதம் ஆகிறது. மீட்டிங்கில் கேட்டால் 'எல்லாம் நல்லாப் போகுது' என்கிறார்கள். முடிக்க வேண்டிய தேதிக்கு முந்தைய நாள்தான் சிக்கல் வெளியே வருகிறது. 'எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள்' என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பதில்: அப்படிச் சொல்வதால் ஒன்றும் ஆகாது. கடைசியாக ஒருவர் சிக்கலோடு வந்து நின்றபோது உங்கள் முகம் எப்படிப் போனது என்பதுதான் டீமுக்கு ஞாபகம் இருக்கும். 'இதை ஏன் முன்னாடியே சொல்லலை?' என்று ஒரு தடவை சிடுசிடுத்திருந்தால் போதும், அடுத்த முறை இன்னும் தாமதமாகத்தான் சொல்வார்கள்.

இந்தத் தயக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு விமானத் துறையில் ஓர் உதாரணம் உண்டு. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் கானரி தீவுகளில் உள்ள டெனெரிஃப் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. நெதர்லாந்தின் கேஎல்எம் விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளில் ஒருவர், மற்ற விமானிகளுக்குப் பயிற்சி தந்தவர். புறப்பட அனுமதி கிடைக்கும் முன்பே அவர் ஓடுபாதையில் வேகமெடுத்தார். அதே ஓடுபாதையில் இருந்த அமெரிக்காவின் பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னதும் பேச்சு அதோடு நின்றது. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். சந்தேகம் வந்தவர் விமானி அறைக்குள்ளேயே இருந்தார், கேள்வியும் கேட்டார். ஆனால் இரண்டாவது முறை கேட்க அவருக்கு வாய் வரவில்லை. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், சந்தேகத்தை மூத்தவரிடம் எப்படி அழுத்திச் சொல்வது, மூத்தவர் அதை எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதெல்லாம் விமானிகளின் பயிற்சியில் சேர்ந்தது.

உங்கள் மீட்டிங்குக்கு வருவோம். முதல் வேலை, உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். தலைவர் வாயைத் திறந்த மறுநொடி மற்றவர்களின் கருத்து அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். பேச்சு தொடங்கும் முன் 2 நிமிடம் கொடுத்து, ஆளுக்கொரு காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அனுபவம் குறைந்தவரில் தொடங்கி வரிசையாக வாசிக்கட்டும். 'ஏதாவது பிரச்னை இருக்கா?' என்று கேட்டால் 'இல்லை' என்பதுதான் பதிலாக வரும். 'இந்த வேலை தேதி தவறினால் எதனால் தவறும்? ஆளுக்கு இரண்டு காரணம் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். இப்போது சிக்கலைச் சொல்வது குறை சொல்வதாகாது, கேட்ட கேள்விக்குப் பதிலாகிவிடும்.

இதையெல்லாம் விட முக்கியம், முதல் கெட்ட செய்தி வந்த அடுத்த அரை நிமிடம். 'சொன்னது நல்லதாப் போச்சு. இப்போ எந்த நிலையில் இருக்கு, உங்களுக்கு என்ன வேணும்?' என்ற இரண்டே வாக்கியம். காரணத்தை அலசுவதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் இப்படி நடந்துகொண்டால் செய்தி முன்கூட்டியே வரத் தொடங்கும். நடுவில் ஒருநாள் கத்திவிட்டால் மறுபடியும் முதலிலிருந்துதான்.

கேள்வி: வேலையைப் பிரித்துக் கொடுத்தால் தப்பும் தவறுமாக வருகிறது. கடைசியில் நானே உட்கார்ந்து செய்கிறேன்.

பதில்: பெரும்பாலும் கோளாறு வேலையைக் கொடுத்த விதத்தில் இருக்கும். 'அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பாருங்க' என்பது வேலையை ஒப்படைப்பதாகாது. யார் படிக்கப்போகிற ரிப்போர்ட், எத்தனை பக்கம், எந்த நாள் எத்தனை மணிக்கு, எதையெல்லாம் அவரே முடிவு செய்யலாம், எதற்கு உங்களைக் கேட்க வேண்டும் என்று ஐந்தையும் சொல்லுங்கள். அதிகம் விட்டுப்போவது நான்காவதுதான். அது இல்லாததால் ஒருவர் சின்ன விஷயத்துக்கெல்லாம் வந்து நிற்பார், இன்னொருவர் பெரிய முடிவைத் தானே எடுத்துவிடுவார். சொல்லி முடித்ததும் 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள், 'இல்லை' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'எங்கிருந்து ஆரம்பிக்கப் போறீங்க?' என்று கேளுங்கள். புரியாத இடம் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

10 நாள் வேலை என்றால் 2-ஆம் நாளே ஒருமுறை பாருங்கள். ஒரு பக்கம் எழுதியிருந்தால் போதும், திசை சரியா என்று தெரிந்துவிடும். 9-ஆம் நாள் பார்த்தால், நீங்களே உட்கார்ந்து செய்வதைத் தவிர வேறு வழி இருக்காது.

ஒரு வேலைக்கு ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். 'எல்லாரும் சேர்ந்து பார்த்துக்குங்க' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். கயிறு இழுக்கும் சோதனையில்கூட, ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்ததை மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1913-இல் எழுதியிருக்கிறார். ஆள் கூடினால் பேச்சுவார்த்தையும் பெருகும்: இருவருக்கு ஓர் இணைப்பு என்று எண்ணினால் 5 பேருக்குள் 10 இணைப்பு, 12 பேருக்குள் 66. டீம் பெரிதானால் அதை இரண்டாகப் பிரிப்பது கௌரவக் குறைச்சல் அல்ல.

கேள்வி: நேற்றுவரை கூட வேலை பார்த்த நண்பர்களுக்கு இன்று நான் தலைவர். எப்படி நடந்துகொள்வது?

பதில்: முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரிடமும் தனியாக 20 நிமிடம் பேசுங்கள். இனி லீவு, வேலைப் பங்கீடு, மதிப்பீடு ஆகியவற்றை நீங்கள் முடிவு செய்வீர்கள் என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நட்பு இருக்கட்டும். அலுவலகத்தில் இல்லாத ஒருவரைப் பற்றிய பேச்சு மட்டும் உங்கள் முன்னால் வேண்டாம்.

கேள்வி: டீமில் ஒருவர் செய்த தவறுக்கு மேலிடம் விளக்கம் கேட்கிறது. பெயரைச் சொல்லலாமா?

பதில்: தெரிந்தே செய்த மோசடி, வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறியது என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். மற்றபடி வேண்டாம். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூனில் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கும் முன், அவற்றின் தளபதி ஐசனோவர் ஒரு துண்டுக் காகிதத்தில், முயற்சி தோற்றால் பழி முழுக்கத் தன்னுடையது என்று எழுதி பர்ஸில் வைத்திருந்தார். பதற்றத்தில் இருந்தாரோ என்னவோ, தேதியை ஜூலை 5 என்று தவறாகப் போட்டிருந்தார். அது தேவைப்படவில்லை.

உங்கள் விளக்கத்தில் நான்கு வரி போதும்: என்ன நடந்தது, அதனால் எது பாதித்தது, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. 'யார் செய்தது?' என்று விடாமல் கேட்டால், 'என் மேற்பார்வையில் நடந்தது, சரிபார்க்கும் படி ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதைச் சேர்த்துவிட்டோம்' என்று சொல்லுங்கள். சேர்த்துவிட்டுச் சொல்லுங்கள். தவறு செய்தவரிடம் அன்றைக்கே தனியாகப் பேசிவிடுங்கள். மேலிடத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர் வேறு யாரிடமிருந்தோ வேறு மாதிரி கேள்விப்படுவார்.