சின்னத் தேர்தல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கேள்வி: மாகாண சபைத் தேர்தல் நடந்தால் வடக்கில் முதலமைச்சர் வேட்பாளராக யாரை நிறுத்தலாம் என்று நினைக்கிறீர்கள்? இந்தச் சின்னத் தேர்தலுக்காக ஏன் இத்தனை ஆரவாரம்? ஆளுநர்கள் ஒழுங்காகத்தானே நடத்திக்கொண்டு போகிறார்கள்?
(வாசகர், வவுனியா)

பதில்: முதலமைச்சர் வேட்பாளர் கிடக்கட்டும். ‘சின்னத் தேர்தல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

1981 ஜூன் 4ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் ஒரு தேர்தல் நடந்தது. மாவட்ட அபிவிருத்திச் சபைக்குப் பத்து உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் தேர்தல். சபைக்குச் சொல்லிக்கொள்ளும்படி அதிகாரம் இல்லை, கையில் பணமும் இல்லை. உங்கள் அளவுகோலில் அதைவிடச் சின்னத் தேர்தல் இருக்கவே முடியாது. அந்தப் பத்து ஆசனங்களுக்காகக் கொழும்பிலிருந்து அமைச்சர்கள் வந்து யாழ்ப்பாணத்தில் தங்கினார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து பொலிஸார் இறக்கப்பட்டார்கள். ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளர் தியாகராஜா சுட்டுக் கொல்லப்பட்டார். மே 31ஆம் திகதி தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டத்தில் பொலிஸார் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதற்குப் பழிவாங்கலாகத் தொடங்கிய தீவைப்பில் கடைகள் எரிந்தன, கூட்டணியின் அலுவலகம் எரிந்தது, ‘ஈழநாடு’ அச்சகம் எரிந்தது, யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் சாம்பலானது. நான்கு நாள் கழித்து மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். பத்து ஆசனங்களும் கூட்டணிக்கே கிடைத்தன.

மறுபடியும் நூலகத்தை இழுக்கிறாயே என்று கேட்பவர்கள் கேட்கட்டும், இழுப்பேன். அந்த நூலகம் யாருடைய சொத்து? எந்த அமைச்சும் கட்டித் தந்ததல்ல. 1933இல் கே. எம். செல்லப்பா தம் வீட்டில் தொடக்கிய இரவல் நூலகத்தை நகர சபை பொறுப்பேற்றது. ஊர்ப் பெரியவர்களும் மாநகர சபையும் சேர்ந்து பணம் திரட்டி, 1954இல் அடிக்கல் நாட்டி, ஐந்து ஆண்டுகள் கழித்துக் கட்டடத்தைத் திறந்தார்கள். 1959 ஒக்டோபரில் திறந்துவைத்தவர் மேயர் அல்பிரட் துரையப்பா. தெற்காசியாவே திரும்பிப் பார்த்த ஒரு நூலகத்தை ஓர் உள்ளூராட்சி மன்றம் வளர்த்தது. குப்பை அள்ளவும் தெருவிளக்குப் போடவும்தான் சபைகள் என்று நினைப்பவர்களுக்கு இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிக் காட்டுவேன்.

அதே துரையப்பா மேயராக இருக்கும்போதே 1975 ஜூலை 27ஆம் திகதி பொன்னாலையில் கோயில் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். நீண்ட இடைவெளிக்குப் பின் 1998 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. மேயராக வந்த சரோஜினி யோகேஸ்வரன் மே 17ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாற்காலிக்கு அடுத்து வந்த பொன். சிவபாலன் செப்டெம்பர் 11ஆம் திகதி குண்டு வெடித்து இறந்தார். ஒரே ஆண்டில் ஒரே சபையின் இரண்டு மேயர்கள். கொன்றவர்களுக்கு அந்தப் பதவியின் பெறுமதி தெரிந்திருந்தது. வாக்களிக்க வேண்டிய நமக்குத்தான் அது சின்னதாகத் தெரிகிறது.

சரி, ஆளுநர்களுக்கு வருகிறேன். தெரிவு செய்யப்பட்ட மாகாண சபை இல்லாததால் மாகாணத்தை நடத்துபவர்கள் அவர்கள். ஆளுநர் நல்லவராக இருக்கலாம், கைசுத்தமானவராக இருக்கலாம், காலையில் எட்டு மணிக்கே அலுவலகத்தில் இருக்கலாம். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி, மாற்றுபவரும் ஜனாதிபதி. நீங்களோ நானோ அவரை எதற்கும் பதில் சொல்ல வைக்க முடியாது. நாட்டில் 10,000க்கும் மேற்பட்ட அரச பாடசாலைகள் இருக்கின்றன. தேசியப் பாடசாலைகள் 500க்கும் குறைவு. மிச்சம் அத்தனையும் மாகாணத்தின் பொறுப்பு. உங்கள் பிள்ளையின் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை என்று வையுங்கள். ஆளுநருக்கு மனு எழுதுவீர்கள். அது பிரதம செயலாளருக்குப் போகும், அங்கிருந்து கல்விச் செயலாளருக்கு, பிறகு மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கு, பிறகு வலயத்துக்கு. ஒவ்வொரு மேசையிலும் ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று எழுதிக் கையெழுத்திடுவார்கள். அதற்குள் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிடும்.

தெரிவு செய்யப்பட்ட சபை எப்படி நடக்கும் என்று பார்க்க வேண்டுமானால், ஏதாவது ஒரு பிரதேச சபையின் மாதக் கூட்டத்துக்குப் போய்ப் பார்வையாளர் வாங்கில் உட்காருங்கள். நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் ஒரு பெண் உறுப்பினர் எழுந்து, தம் வட்டாரத்தில் இடிந்து கிடக்கும் மதகு ஒன்றைப் பற்றிப் பேசினார். சென்ற கூட்டத்தில் பேசியதுதானே என்று தவிசாளர் சொன்னார். “ஓம், சென்ற கூட்டத்திலும் பேசினேன், அதற்கு முந்தின கூட்டத்திலும் பேசினேன். கூட்டறிக்கையை வாசியுங்கள்” என்றார் அவர். செயலாளர் பக்கங்களைப் புரட்டி வாசித்தார். இரண்டு கூட்டத்திலும் பேச்சு பதிவாகியிருந்தது, நடவடிக்கை என்ற இடத்தில் எதுவும் இல்லை. சபை முழுவதும் அமைதியாகிவிட்டது. தொழில்நுட்ப அலுவலர் எழுந்து மதிப்பீடு எப்போது தயாராகும் என்று திகதி சொன்னார். அந்தத் திகதியையும் கூட்டறிக்கையில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார். ஆளுநர் செயலகத்தில் எந்த மனுதாரரால் இப்படிக் கூட்டறிக்கையை வாசிக்கச் சொல்ல முடியும்?

அந்த அம்மையாரைப் போன்றவர்கள் சபைக்குள் வந்ததும் சும்மா வந்ததல்ல. 2018க்கு முன் உள்ளூராட்சி உறுப்பினர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் பெண்கள் இல்லை. 25 வீத ஒதுக்கீடு சட்டமான பிறகே கதவு திறந்தது. அந்த ஆண்டு பெப்ரவரியில் தெரிவான சபைகள் 2023 மார்ச்சில் கலைந்தன. தேர்தலுக்குக் குறித்த நாள் 2023 மார்ச் 9. 80,000க்கும் மேற்பட்டவர்கள் வேட்புமனுக் கொடுத்து, கட்டுப்பணம் கட்டி, வீடு வீடாக ஏறி இறங்கிய பிறகு, திறைசேரியில் பணம் இல்லை என்று கையை விரித்தார்கள். அது வாக்காளரின் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6இல். உங்கள் வவுனியா மாநகர சபையாகத் தன் முதல் தேர்தலைக் கண்டதும் அன்றுதான்.

உள்ளூராட்சிக்காவது நீதிமன்றம் வழி திறந்தது. மாகாண சபையின் கதை அதைவிட மோசம், அதை நாமெல்லாம் மறந்துவிட்டோம் என்பது அதனினும் மோசம். 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. பெண்களுக்குக் கூடுதல் இடம் கொடுப்பதற்கென்று வந்த சட்டமூலம் அது. குழுநிலையில் அதற்குள் பக்கம் பக்கமாகத் திருத்தங்களைச் செருகி, தேர்தல் முறையையே மாற்றிவிட்டார்கள். விகிதாசார முறை போய், தொகுதியும் விகிதாசாரமும் பாதிக்குப் பாதி கலந்த முறை வந்தது. புதிய முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும். எல்லை நிர்ணயக் குழு அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி அது வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைச் சபையில் சமர்ப்பித்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்தார். பிறகு பிரதமர் தலைமையில் ஐவர் கொண்ட மீளாய்வுக் குழு அமைந்தது. இரண்டு மாதத்தில் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். அறிக்கை வரவில்லை. பழைய பாலத்தை உடைத்தாயிற்று, புதிய பாலத்துக்குத் தூண்கூட நடவில்லை, ஒன்பது மாகாணங்களும் இக்கரையில் நிற்கின்றன.

கிழக்குக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பரில். வடக்குக்கு 2013 செப்டெம்பர் 21இல். 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்த அந்த மக்களிடம் அதன் பிறகு யாரும் வாக்குக் கேட்டு வரவில்லை. இன்று முப்பது வயதைத் தொடாத ஒருவர் வடக்கில் மாகாண சபைக்கு ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. ஆட்சிகள் மாறின, ஜனாதிபதிகள் மாறினார்கள், நடத்துவோம் என்று எல்லோரும் சொன்னார்கள். இந்தப் பழியை ஒரு கட்சியின் தலையில் மட்டும் கட்ட நான் தயாரில்லை. 2017இல் அந்தத் திருத்தத்துக்கு நம்முடைய பிரதிநிதிகளும் ஆதரவு கொடுத்தார்கள். பிற்பாடு பழைய முறைக்குத் திரும்பத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தவர்களும் அவர்களே.

காணி அதிகாரம் இல்லை, பொலிஸ் அதிகாரம் இல்லை, ஆகவே மாகாண சபையும் வேண்டாம் தேர்தலும் வேண்டாம் என்பவர்களோடு இந்தப் பக்கத்தில் நெடுங்காலமாக மல்லுக்கட்டி வருகிறேன். உங்கள் கேள்வியை அவர்கள் கேட்கவில்லை என்றாலும் அவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாகாண சபைகளைக் கொண்டுவந்த, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் குறைப்பட்டது, எழுத்தில் இருப்பதுகூட நடைமுறையில் இல்லை, அதில் எனக்கும் அவர்களுக்கும் பிணக்கில்லை. பகிஷ்கரிப்பில்தான் பிணக்கு. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், பிரித்தானியர் கொடுத்த டொனமூர் அரசியலமைப்பு சுயராஜ்யம் தரவில்லை என்று சொல்லி, அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபையின் தேர்தலைப் பகிஷ்கரித்தது. சாதிக் கொடுமைக்கு எதிராக நின்றவர்கள், தேசப்பற்றில் யாருக்கும் குறையாதவர்கள். அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. தெற்கும் தங்களைப் பின்பற்றும் என்று நம்பினார்கள். தெற்கு தேர்தலில் நின்று அமைச்சர்களை உருவாக்கிக்கொண்டது. குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. நாட்டில் ஆணும் பெண்ணும் முதன்முதலாகச் சர்வசன வாக்குரிமையோடு வாக்களித்த தேர்தல் அது. அந்த முதல் வாக்கு குடாநாட்டாருக்குக் கிடைக்காமல் போனது.

வெறுமையான ஆசனம் வெறுமையாகவே இருப்பதில்லை, வேறு யாரோ அதிலிருந்து முடிவெடுத்துக்கொண்டிருக்கிறார். இன்று வடக்கிலும் கிழக்கிலும் ஆசிரியர் இடமாற்றம், ஆதார வைத்தியசாலையின் தாதியர் வெற்றிடம், குளத்தின் வாய்க்கால், கூட்டுறவுச் சங்கத்தின் தேர்தல், எல்லாவற்றிலும் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. எடுப்பவர்களில் ஒருவர்கூட உங்கள் வீட்டுப் படலையைத் திறந்து வாக்குக் கேட்டவரல்லர்.

முதலமைச்சர் வேட்பாளர் யார் என்று கேட்டீர்கள். தேர்தல் நாள் வர்த்தமானியில் வரட்டும், பெயர் சொல்கிறேன். அதுவரை நீங்கள் ஒன்று செய்யுங்கள். தேர்தலைப் பழைய முறையில் நடத்தப் பாராளுமன்றம் ஒரு சிறு திருத்தம் நிறைவேற்றினால் போதும். அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் அதற்கு வாக்களிப்பாரா என்று வன்னி மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள். யார் என்ன பதில் தந்தார், யார் பதிலே தரவில்லை என்பதை எனக்கு அனுப்புங்கள். பெயர் பெயராக இதே பக்கத்தில் போடுகிறேன்.