எஃப்.சி. தேதியை மட்டும் பார்த்து வண்டி வாங்காதீர்கள்

கேள்வி: திருப்பூரில் சொந்தமாக ஒரு குட்டி வண்டி வைத்து, பனியன் கம்பெனிகளின் அவசர லோடு ஓட்டுகிறேன். தூத்துக்குடி துறைமுகம், கொச்சி, பெங்களூர் விமான நிலையம் என்று ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ச் சேர வேண்டிய சரக்கு. பெரிய வண்டிக்கு மாறலாமென்று, 2015 மே மாதம் பதிவான 14 அடி லாரி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) பத்து மாதம் இருக்கிறது, பதினைந்து வருஷம் வரை தொந்தரவே இல்லை என்கிறார் புரோக்கர். பத்து வருஷம் தாண்டிய வண்டி வேண்டாம் என்கிறது பார்சல் கம்பெனி. எது சரி?

பதில்: உங்கள் தொழிலுக்கு முக்கியமான வயதை இருவருமே சொல்லவில்லை. அது பன்னிரண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 88-வது விதிப்படி, பன்னிரண்டு வயது தாண்டிய சாதாரண சரக்கு வண்டிக்கு, மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுவதற்கான நேஷனல் பர்மிட் கிடையாது. இரண்டுக்கு மேல் ஆக்சில் உள்ள மல்டி ஆக்சில் வண்டிக்குத்தான் பதினைந்து. நீங்கள் பார்த்திருப்பது இரண்டு ஆக்சில் வண்டி. ஆக 2027 மே மாதத்தோடு நேஷனல் பர்மிட்டில் கொச்சி, பெங்களூர் ஓட்டுவது முடிந்துவிடும். தமிழ்நாட்டு பர்மிட்டில் தூத்துக்குடிக்குத் தொடர்ந்து ஓட்டலாம். மூன்று வருஷத் தவணையில் வாங்குகிறீர்கள் என்றால், வெளிமாநில லோடு நின்ற பிறகும் தவணை நிற்காது. இந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும்.

புரோக்கர் சொல்லும் பதினைந்து வருஷம் அரசு வண்டிகளைப் பற்றிய பேச்சு. 2023 ஏப்ரல் முதல் பதினைந்து வயது முடிந்த அரசு வண்டிகளின் பதிவுதான் ரத்தாகிறது. தனியார் லாரி எஃப்.சி.யில் தேறும்வரை ஓடலாம். எட்டு வயதுக்கு மேல் வருஷா வருஷம் காட்ட வேண்டும், வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். பார்சல் கம்பெனியின் பத்து வருஷம் சட்டமல்ல, அவர்கள் ஒப்பந்த நிபந்தனை. அதில் வாதாட இடமில்லை. எந்த வயதுவரை எடுப்பீர்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு வண்டி தேடுங்கள்.

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். "கம்பெனியில் அட்டாச் பண்ணித் தருகிறேன், மாசம் இத்தனை லோடு நிச்சயம்" என்று ஒருவர் வருவார். டெபாசிட் கேட்பார், வண்டியையும் அவரே காட்டுவார். வண்டி விற்றதும் அவர் வேலை முடிந்தது. கம்பெனியின் கடிதம் கையில் வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்புறம், பெயர் மாற்றாமல், கையெழுத்துப் போட்ட 29, 30-ம் படிவங்களோடு (பெயர் மாற்றத்துக்கான படிவங்கள்) வண்டியைக் கொடுப்பதும் நடக்கிறது. பழைய ஓனரின் கடனும் அபராதமும் அந்த வண்டியோடுதான் வரும். எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் எல்லாவற்றையும் பாருங்கள். நிலுவை அபராதத்துக்கு இ-சலான் தளம் தனியாக இருக்கிறது. புரோக்கர் நீட்டும் ஜெராக்ஸை நம்பாதீர்கள்.

இப்போதுள்ள குட்டி வண்டியை விற்கும் முன் ஒன்று கவனியுங்கள். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட்டே தேவையில்லை. பர்மிட் இல்லையென்றால் பன்னிரண்டு வயது வரம்பும் இல்லை. எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி கட்டாயம் வேண்டும். ஆனால் மொத்த எடை என்பது காலி வண்டியின் எடையும் அல்ல, ஏற்றும் லோடும் அல்ல, இரண்டும் சேர்ந்தது. "ஒன்றரை டன் பிக்கப்தானே, பர்மிட் வேண்டாம்" என்று விற்பவர்கள் லோடை மட்டும் சொல்கிறார்கள். ஒரே பெயரில் வரும் பிக்கப்பில்கூட ஒரு ரகம் 3,000 கிலோவுக்குக் கீழே இருக்கும், இன்னொன்று மேலே இருக்கும். ஆர்.சி.யில் மொத்த எடை என்று அச்சிட்ட எண்தான் கணக்கு. விமான நிலையத்துக்குப் போகும் அவசர அட்டைப்பெட்டிகளில் பாதி இந்த அளவு வண்டிக்குள் அடங்கும். எல்லோரும் பெரிய வண்டிக்குத் தாவுகிறார்கள் என்பதற்காக நீங்களும் தாவ வேண்டியதில்லை.

எஃப்.சி. காலாவதியானால் 56-வது பிரிவின்படி பதிவே செல்லாததாகிவிடும். விபத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான். அதே நேரத்தில், எஃப்.சி. இருப்பதால் வண்டி நன்றாக இருக்கிறது என்றும் ஆகாது. டிங்கரிங், பெயிண்ட், ஒளிரும் ஸ்டிக்கர் எல்லாம் பளபளவென்று இருக்கும். எஃப்.சி. காட்டும் அன்றைக்கு மட்டும் வாடகை டயர் மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் கழற்றுவார்கள். பிரேக்கை இயந்திரத்தில் ஏற்றிச் சோதிக்க வேண்டிய இடத்தில் ஸ்டிக்கருக்கு இருக்கும் மரியாதை பிரேக்குக்கு இல்லை. இத்தனை வருஷமாக இதைச் சரிசெய்யாமல் கட்டணத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

அதனால் சோதனையை நீங்களே செய்யுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல்பள்ளங்கள்) நன்றாக இருந்தாலும் ஆறேழு வருஷம் ஆன டயர் ராத்திரி லோடுக்கு ஆகாது. பிரேக், காற்றில் அல்லாமல் ஆயிலில் வேலை செய்யும் வண்டி என்றால், வாங்கிய அன்றே அந்த ஆயிலை மாற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்து ஆவியாகும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பெங்களூரிலிருந்து திரும்பும்போது தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்களுக்கு இதுதான் நடக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டால் பிரேக்குக்குத் துணையான வேக்குவமும் போய்விடும். தாழ்ந்த கியரில், இன்ஜின் ஓடியபடி இறங்குங்கள்.

கொச்சி, பெங்களூர் லோடுதான் உங்கள் பிழைப்பு என்றால் இந்த லாரி வேண்டாம். 2019-க்குப் பிறகு பதிவானதாகப் பாருங்கள். தூத்துக்குடி மட்டும் போதும் என்றால், வெளிமாநிலம் போக முடியாத வண்டிக்குரிய விலையைக் கேளுங்கள்.