மறுமொழி: வார்டில் வாய் திறக்காத மாணவர்கள்
டாக்டர், புதிதாக அசிஸ்டென்ட் புரொபசர் ஆகியிருக்கிறேன், கட்டிலைச் சுற்றி நிற்கும் மாணவர்கள் கேள்வி கேட்டாலே தலையைக் குனிந்துகொள்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பயம்தான். நாமும் நோயாளி முன்னால் திட்டு வாங்கித்தானே படித்தோம்!

1992-ல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் எழுதிய ‘ஒரு நிமிட’ கற்பித்தல் முறையை முயன்று பாருங்கள். "மூச்சுத்திணறலுக்குக் காரணங்கள் என்ன?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஒருவரைப் பார்த்து, "இவருக்கு என்னன்னு நினைக்கிறீங்க?" பதில் வரும்வரை நீங்கள் பேசவே கூடாது, அதுதான் கஷ்டம். பதில் தப்பானாலும் அடுத்த கேள்வி, "எதை வச்சுச் சொல்றீங்க?" "கால் வீங்கியிருக்கு, ஜேவிபி (கழுத்துச் சிரை அழுத்தம்) தூக்கியிருக்கு சார்" என்று மெல்ல வரும். பிறகு நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு பொது விதி, சரியாகக் கவனித்ததற்கு ஒரு பாராட்டு, ஒரு திருத்தம். அதோடு அடுத்த கட்டில்.

ஆசிரியர்களுக்கான மருத்துவக் கல்விப் பயிற்சிக்கு அனுப்பினால் சான்றிதழுக்காக மட்டும் போய்வராதீர்கள். மைக்ரோடீச்சிங்கில் (சக ஆசிரியர்கள் முன் சில நிமிடம் பாடம் நடத்திப் பார்க்கும் பயிற்சி) இதையே செய்து காட்டிக் கருத்துக் கேளுங்கள்.