பெர்ல் நிரல்மொழியில் இடைவெளிகளைச் சுருக்கினால் ‘அ’ மட்டும் ஏன் உடைகிறது?

தமிழ்க் கோப்பில் தாறுமாறாகக் கிடக்கும் இடைவெளிகளை ஒற்றை இடைவெளியாக்க எஸ்/\எஸ்+/ /ஜி போட்டிருக்கிறீர்கள் (நிரலில் இவை ஆங்கிலச் சிறிய எழுத்துகள்). ஆங்கில வரிகள் சுத்தமாக வந்தன. தமிழில் ‘அ’ வரும் இடமெல்லாம் கேள்விக்குறி. இதே சிக்கலில் நான் இரண்டு நாள் தவித்திருக்கிறேன். ஒரு சொற்பட்டியலைச் சீர்செய்தபோது ‘அம்மா’, ‘அரிசி’, ‘அவன்’ எல்லாம் தலையில்லாமல் நின்றன, ‘ஆடு’ மட்டும் நலமாக இருந்தது. எழுத்துருவைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பைட்டுகளை எண்களாக அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்பது மூன்று பைட்டுகள்: 224, 174, 133. ‘ஆ’ 134இல் முடிகிறது. அந்த 133தான் வில்லங்கம். யூனிகோடில் 133ஆம் எண் ‘அடுத்த வரி’ என்ற கட்டுப்பாட்டுக் குறி. வெற்றிடத்தைக் குறிக்கும் \எஸ், யூனிகோடு விதிப்படி அதையும் வெற்றிடமாகவே எடுத்துக்கொள்ளும். கோப்பை டிகோட் செய்யாமல் (பைட்டுகளை எழுத்துகளாக மாற்றாமல்) படித்தால் பெர்லுக்கு ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்து. ஸ்கிரிப்ட்டின் தலையில் ‘யூஸ் வி5.36’ மாதிரி ஒரு வரி இருந்தால் யூனிகோடு விதி தானாக அமலுக்கு வந்துவிடும். அப்புறம் என்ன, ‘அ’வின் கடைசி பைட்டை வெட்டிவிட்டு அங்கே ஒரு ஸ்பேஸ் உட்கார்ந்துகொள்கிறது. தமிழ் எழுத்துகளில் 133இல் முடிவது ‘அ’ ஒன்றுதான், அதனால்தான் மற்றவை தப்பித்தன.

கோப்பைத் திறக்கும்போதே யுடிஎஃப்-8 என்கோடிங்கைக் குறிப்பிட்டுப் படியுங்கள். அப்போது ‘அ’ 2949 என்ற ஒரே எண்ணாக உள்ளே வரும், \எஸ் அதைத் தொடாது. எழுதும் பக்கத்திலும் அதே என்கோடிங் வேண்டும், இல்லாவிட்டால் ‘வைட் கேரக்டர்’ எச்சரிக்கை கொட்டும். ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே தமிழ் எழுதியிருந்தால் ‘யூஸ் யுடிஎஃப்8’ வரியும் சேருங்கள். அவசரத்துக்கு ஜி-க்குப் பக்கத்தில் ஏ சேர்த்தால் \எஸ் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுப்பு) வெற்றிடங்களோடு நின்றுகொள்ளும், ‘அ’ பிழைக்கும். ஆனால் வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய உரையில் வரும் உடையா இடைவெளி (அந்த இடத்தில் வரி முறியவிடாத ஸ்பேஸ்) அப்படியே தங்கிவிடும். அதனால் நான் அந்த வழியை விட்டுவிட்டேன்.

இன்னொன்று: \எஸ் வரிமுறிவையும் விழுங்கும். முழுக் கோப்பையும் ஒரே சரமாகப் படித்துச் சுருக்கினால் பட்டியல் மொத்தமும் ஒரே வரியாகிவிடும். வரிகள் அப்படியே இருக்க வேண்டுமானால், டிகோட் செய்த பிறகு \ஹெச்+ போடுங்கள். ஸ்பேஸ், டேப், உடையா இடைவெளி மூன்றும் அதில் அடங்கும்.