வாசலில் தொங்கும் கற்றாழை வாடாதது எப்படி?

கேள்வி: திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டிய சோற்றுக்கற்றாழை, மண்ணும் தண்ணீரும் இல்லாமல் ஆறு மாதமாகப் பச்சையாகவே இருக்கிறதே, எப்படி? ரயில் பாதையோரம் வளர்வதும் இதே செடிதானா?
- வாசகி, காட்பாடி

பதில்: காற்றைக் குடித்தே வாழ்கிறது என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. செடி தன் கையிருப்பைத்தான் செலவழித்துக்கொண்டிருக்கிறது. மடலுக்குள் இருக்கும் சோற்றில் 98, 99 சதவீதம் தண்ணீர்தான், மேலே மெழுகு பூசியது போலத் தடித்த தோல். அதைவிடப் பெரிய விஷயம், மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து ஈரத்தை இழக்கும்போது இது ராத்திரியில் மட்டும் திறந்து, கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, விடிந்ததும் துளையை மூடிவிட்டு அதை வைத்தே உணவு தயாரிக்கிறது. அரேபியத் தீபகற்பத்து வறண்ட மலைகள்தான் இதன் பூர்வீகம், நம் வேலூர் வெயில் இதற்குப் புதிதல்ல.

உங்கள் செடியின் வெளி மடலை விரலால் அழுத்திப் பாருங்கள். மெலிந்து, உள்பக்கம் குழிந்து, ஓரம் சுருண்டிருக்கும். நடுக்குருத்தைக் காப்பாற்ற முதலில் காய்வது இந்தப் பழைய மடல்கள்தான். அப்படித் தொங்கும்போது பூங்கதிர் விட்டால்கூட அது கீழே போகாமல் வளைந்து மேலே எழும், அவ்வளவு பிடிவாதமான செடி!

ரயில் பாதையோரம் இருப்பது பெரும்பாலும் ஆனைக்கற்றாழை வகை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, சோற்றுக்கற்றாழையோடு நெருங்கிய உறவு கிடையாது. அதன் மடலை ஒடித்தால் நார் நாராக வரும், நுனியில் ஊசி போல முள் இருக்கும், ஒருமுறை பூத்ததும் அந்தச் செடி செத்துவிடும். சோற்றுக்கற்றாழையில் நார் வராது, ஓரத்து முள் சின்னது, மஞ்சள் குழல் பூக்களை மறுபடி மறுபடி பூக்கும். ஆனைக்கற்றாழைச் சாறு தோலில் பட்டால் அரிக்கும், தெரியாமல் முகத்தில் தடவிவிடாதீர்கள். சோற்றுக்கற்றாழையிலும் தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பால் வயிற்றைக் கலக்கும், மடலை அறுத்ததும் சாய்த்து வைத்து அதை வடியவிட வேண்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள், அந்தச் செடியை இறக்கி மணல் கலந்த மண்ணில் நடுங்கள். நட்ட அன்றே தண்ணீர் ஊற்றினால் காயம்பட்ட வேர் அழுகிவிடும், நான்கைந்து நாள் கழித்து ஊற்றினால் போதும்.