லாட்ஜ் ரூம்ல நகை போச்சு, கார்டு லாக் போட்டா தப்பிச்சுடலாமா?

கேள்வி: பழனி அடிவாரத்துல 22 ரூம் லாட்ஜ் வச்சிருக்கேன் சார், அப்பா காலத்துல இருந்து நடக்குது. எல்லா ரூமுக்கும் வெளியே தொங்கு பூட்டுதான். போன மாசம் மலைக்கு போயிட்டு வந்த ஒரு குடும்பம், ரூம்ல வச்சிருந்த 3 பவுன் செயினும் லேப்டாப்பும் காணோம்னு சொன்னாங்க. பூட்டு உடையவே இல்ல. இப்ப வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு. "விலை உயர்ந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல"னு ரிசப்ஷன்ல போர்டு இருக்கு, அது போதாதா? கார்டு லாக் போடுங்கனு ஒரு ஏஜென்ட் வேற சுத்தி சுத்தி வர்றாரு, எதை வாங்கறது?

பதில்: வணக்கம் சார். முதல்ல அந்த போர்டை நம்பாதீங்க. 1998ல டெல்லியில ஒரு பெரிய ஹோட்டல்ல பார்க்கிங்குக்கு சாவி கொடுத்த மாருதி ஜென் கார் திருடு போச்சு, டோக்கன்ல "உரிமையாளர் பொறுப்பு"னு அச்சடிச்சிருக்குனு ஹோட்டல் வாதாடிச்சு, 2019 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அதை ஏத்துக்கல. உங்க கவனக்குறைவால பொருள் போனா ஒரு வரி அச்சடிச்சு தப்பிக்க முடியாதுனு சொல்லிடுச்சு. ஆனா உங்க கேஸ் அப்படியே அது இல்ல. அங்க காரை ஹோட்டல் கையில ஒப்படைச்சாங்க, இங்க செயினை யாரும் உங்ககிட்ட கொடுக்கல, அவங்க ரூம்லயே வச்சிருந்தாங்க. ரிசப்ஷன் லாக்கர்ல கொடுத்திருந்தா இந்திய ஒப்பந்தச் சட்டம் 151வது பிரிவுப்படி நம்ம சொந்த பொருள் மாதிரி பாத்துக்கணும். அது இல்லாததால அவங்க சேவைக் குறைபாடுனுதான் வருவாங்க, செயின் ரூம்ல இருந்துச்சுங்கறதையும் அவங்கதான் காட்டணும்.

இன்னொண்ணு, பூட்டு உடையலங்கறதை நோட்டீஸ் பதில்ல பெருமையா எழுதிடாதீங்க, ஏன்னா எதிர் வக்கீல் அதையேதான் புடிப்பாரு. உடையலைனா சாவி போட்டு திறந்திருக்காங்கனு அர்த்தம், அப்ப அந்த ரூமுக்கு எத்தனை சாவி இருக்கு, யார்கிட்ட இருக்கு, போன வருஷம் சாவியை தொலைச்சுட்டு போன கெஸ்டுக்கு அப்புறம் பூட்டை மாத்தினீங்களா, இல்ல டூப்ளிகேட் சாவி அடிச்சு வச்சீங்களானு கேப்பாங்க. நான் பாத்த வரைக்கும் லாட்ஜ்காரங்க தோக்கறது இந்த ஒரு கேள்வியிலதான்.

நோட்டீஸுக்கு 15 நாளுக்குள்ள பதில் போடுங்க. போலீஸ்ல புகார் ஆகியிருக்கானு பாருங்க, ஆகலைனா நீங்களே போய் கொடுங்க, மறைக்கற ஆள் புகார் கொடுக்க மாட்டான்ல. அவங்க நுகர்வோர் ஆணையத்துக்கு போக 2 வருஷம் டைம் இருக்கு, அவங்க சொந்த ஊர்லயே கேஸ் போடலாம், பழனிக்கு வர வேண்டியதில்ல. சம்மன் வந்தா பதில் போட 30 நாள், கெஞ்சி கேட்டா இன்னொரு 15 நாள், மொத்தம் 45. அதுக்கு மேல ஒரு நாள் கூட கிடையாதுனு 2020ல சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதி பெஞ்ச் சொல்லியாச்சு, அதனால கவரை டிராயர்ல போட்டு மறந்துடாதீங்க.

இப்ப பூட்டு. திண்டுக்கல் பூட்டு பக்கத்துலயே கிடைக்குது, நல்ல பூட்டுதான், ஆனா ரூமுக்கு வெளியே தாழ்ப்பாள் கொண்டி இருக்கறதே எனக்கு பயம். உள்ள ஆள் இருக்கும்போது எவனாவது விளையாட்டுக்கு வெளியே தாழ் போட்டுட்டு போயிட்டா, அன்னிக்கு ராத்திரி தீப்பிடிச்சா என்ன ஆகும்? 3 பவுன் கேஸ் எல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல, நீங்க ஜெயிலுக்கே போகலாம். எந்த பூட்டு வாங்கினாலும் உள்ளேருந்து சாவியும் கார்டும் இல்லாம ஒரே கைப்பிடி அழுத்துல திறக்கணும், இதுல மட்டும் பேரம் பேசாதீங்க.

கார்டு லாக்ல நிஜமான லாபம் வேற. எந்த கார்டு எத்தனை மணிக்கு திறந்துச்சுனு பூட்டே பதிவு வச்சிருக்கும், செக்-அவுட் டைம் ஆனா பழைய கார்டு வேலை செய்யாது. அந்த பதிவை பிரிண்ட் எடுத்து சும்மா நீட்டினா கோர்ட்ல செல்லாது, புது சாட்சிய சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023) 63வது பிரிவு சர்டிபிகேட்டோட கொடுக்கணும், சிசிடிவிக்கும் அதே கதைதான். ஆனா கார்டுனாலே பத்திரம்னு நினைக்காதீங்க. 2012ல ஆனிட்டிங்கற கம்பெனியோட கார்டு பூட்டு அடியில இருந்த சின்ன ஓட்டைல ஒரு கருவியை சொருகி திறக்கலாம்னு ஒருத்தர் மேடையிலயே விளக்கினாரு, அப்புறம் அமெரிக்காவுல ஹோட்டல் ரூம்ல திருட்டே நடந்துச்சு. 2024ல சாஃப்லாக்னு இன்னொரு பிராண்ட் கார்டு பூட்டு, 131 நாட்டுல 30 லட்சம் கதவுக்கு மேல, அந்த ஹோட்டலோட ஏதோ ஒரு பழைய கார்டு கிடைச்சா போதும், போலி கார்டு ரெண்டு தயார் பண்ணி எந்த ரூமையும் திறக்கலாம்னு வெளிய வந்துச்சு. அதனால ஏஜென்ட்கிட்ட ரெண்டு கேளுங்க: கார்டுல இருக்கற சிப் மைஃபேர் கிளாசிக்ங்கற பழைய வகையா (ஆமான்னா வேண்டாம், அது 2008லயே உடைஞ்ச சமாச்சாரம்), ஓட்டை கண்டுபிடிச்சா அப்டேட் யார் செலவு? பேட்டரி தீந்தா திறக்கன்னு பல பூட்டுல மூடிக்கு பின்னாடி ஒரு சாவி துவாரம் இருக்கும், அந்த 22 சாவியையும் ரிசப்ஷன் ஆணியில தொங்க விட்டீங்கனா பழைய குருடி கதவை திறடி கதைதான்.

ஆர்டர் லெட்டர்ல "22 ரூம் லாட்ஜுக்கு, கெஸ்ட் பாதுகாப்புக்கு, எது பொருத்தம்னு நீங்க சொன்னதை நம்பி வாங்கறேன்"னு எழுதுங்க. வெறும் பிராண்ட் பேரையும் மாடலையும் மட்டும் எழுதி வாங்கினா, பின்னாடி பொருள் சரியில்லனு கேக்கற உரிமை சரக்கு விற்பனைச் சட்டம் 16வது பிரிவுல மெலிஞ்சு போயிடும். வியாபாரத்துக்கு வாங்கறதால உங்களை நுகர்வோர்னு ஏத்துக்கறதும் சந்தேகம், சிவில் கோர்ட்தான் வழி, அங்க அந்த ஒரு வரிதான் பேசும்.

கடைசியா, புது பூட்டு வந்துடுச்சேனு அந்த ரூமோட பழைய பூட்டை பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுடாதீங்க. போட்டோ எடுத்து, எல்லா சாவியோடயும் ஒரு கவர்ல போட்டு, மேல தேதி எழுதி பீரோவுல வைங்க, போலீஸ் எப்ப வேணா கேப்பாங்க.