ரயில் பாதை வேலைக்கு நடுவே ஒரு தமிழ்ப் பள்ளி: மானியமா, இழப்பீடா?

கேள்வி: மேற்கு லண்டனில் ரைஸ்லிப் பக்கம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்றை நடத்துகிறோம். நான் செயலாளர். சமூக மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து வகுப்பு வைக்கிறோம். எச்.எஸ்.2 அதிவேக ரயில் பாதை வேலை வந்ததிலிருந்து லாரி, தூசி, சாலை மூடல் என்று ஒரே தொல்லை. பிள்ளைகள் வரவு குறைந்து கட்டண வருமானமும் குறைந்துவிட்டது. பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு மானியம் உண்டு என்று கேள்விப்பட்டோம். ஆனால் மானியம் வாங்கினால் பிறகு இழப்பீடு கேட்க முடியாது என்கிறார் செயற்குழுவில் ஒருவர். மாணவர் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால்தான் கிடைக்கும் என்கிறார் இன்னொருவர். பள்ளியை நாங்கள் எங்கும் பதிவு செய்யவில்லை. நானும் தலைவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கு ஏதும் ஆபத்து வருமா என்று என் மனைவி கவலைப்படுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனைவியின் கேள்விதான் இதில் மிக முக்கியமானது. அதற்குப் பதில் சொல்லும் முன், மானியத்தையும் இழப்பீட்டையும் பிரித்துவிடுகிறேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் விண்ணப்பங்கள்தான் பெரும்பாலும் அடிபடுகின்றன.

நீங்கள் கேள்விப்பட்டது எச்.எஸ்.2 முதல் கட்டத்துக்காக, அதாவது லண்டன் முதல் மேற்கு மிட்லண்ட்ஸ் வரையிலான பாதைக்காக, 2017-இல் தொடங்கிய 4 கோடி பவுண்டு நிதி. அதில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று சமூக, சுற்றுச்சூழல் நிதி. மற்றது வணிக, உள்ளூர்ப் பொருளாதார நிதி. உங்களுக்குப் பொருந்துவது முதல் பிரிவு. ஒரு பகுதி மக்களுக்கான திட்டம் என்றால் அதில் 75,000 பவுண்டு வரை கேட்கலாம். பல பகுதிகளைத் தழுவிய பெரிய திட்டங்களுக்கு உச்சவரம்பு 10 லட்சம் பவுண்டு. நிதியை நிர்வகிக்கும் பொறுப்பு கிரவுண்ட்வொர்க் யூகே என்ற தொண்டு அமைப்பிடம் தரப்பட்டது. விண்ணப்பத்தில் கை வைக்கும் முன் அவர்களிடம் பேசி, உங்கள் பகுதிக்கு இன்னும் பணம் மிச்சம் இருக்கிறதா, அடுத்த கடைசித் தேதி எது என்று மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மானியம் சட்டப்படியான இழப்பீட்டுக்கு மேலதிகமாகத் தரப்படுவது. அதை வாங்குவதால் மட்டும் இழப்பீட்டு உரிமை எதுவும் போய்விடாது. உங்கள் செயற்குழு நண்பர் வேறு எதையோ நினைத்துப் பயப்படுகிறார் என்று தோன்றுகிறது. சில சமயம் ஒப்பந்தக்காரர்கள் நேரடியாக ஒரு சிறு தொகை கொடுத்து, 'இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன' என்று எழுதிய தாளை நீட்டுவதுண்டு. அந்த வரி எந்தக் காகிதத்தில் இருந்தாலும், ஒரு சொலிசிட்டரிடம், அதாவது வழக்கறிஞரிடம், காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, இழப்பீடு கேட்டால் கிடைக்குமா? இங்கே உங்களுக்கு மனக்கசப்பான பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலம் எடுக்கப்படாதவர்கள் கட்டுமான வேலைகளுக்காக இழப்பீடு கேட்கும் வழி, 1965-ஆம் ஆண்டின் கட்டாய நில எடுப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு. அந்த வழி மிகக் குறுகலானது. லண்டனில் முதல் சுரங்க ரயில் பாதை போட்டபோது, தெருக்களை அடைத்ததால் வாடிக்கையாளர்களை இழந்த ஒரு மதுக்கடைக்காரர் வழக்குப் போட்டார். 1867-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவருக்கு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. உங்கள் பக்கத்து ஊரான ஹாரோவில் சாலைத் திட்டம் ஒன்றால் பாதிக்கப்பட்ட ஹோட்டல் ஒன்றின் வழக்கு 2000-இல் அதே சபைக்குப் போனது. தற்காலிகத் தடையாக இருந்தாலும், அதனால் அந்த இடத்தின் வாடகை மதிப்பு குறைந்திருந்தால் இழப்பீடு கேட்கலாம் என்று நீதிபதிகள் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டார்கள். ஆனால் கவனத்தோடு செய்யப்பட்ட வேலையில் எழும் சத்தத்துக்கும் தூசிக்கும் இந்தப் பிரிவின் கீழ் பணம் இல்லை என்பதையும் உறுதி செய்தார்கள். வியாபாரத்தில் குறைந்த லாபத்தையும் அப்படியே கேட்க முடியாது. கணக்கு எப்போதும் நிலத்தின் மதிப்பை வைத்துத்தான்.

உங்கள் பள்ளிக்கு அந்த நிலத்தில் உரிமை ஏதாவது இருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, வகுப்பு முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்றால், உரிமை இல்லை. கட்டண வருமான இழப்பை இழப்பீடாகக் கேட்கும் வழி அதோடு அடைபடுகிறது. ஆனால் புத்தகங்களும் மேசைகளும் வைக்க ஒரு அறை முழுநேரமும் உங்கள் கையில் இருக்கிறது, அதன் சாவி உங்களிடம் மட்டும்தான் என்றால் கதை வேறு. காகிதத்தில் 'லைசென்ஸ்', அதாவது வெறும் அனுமதி, என்று எழுதியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது குத்தகையாக இருக்கலாம். 1957-இல் ஒரு டென்னிஸ் கிளப் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அந்த கிளப் லாபத்துக்காக நடந்ததல்ல. ஆனாலும் வணிகக் குத்தகைகளைப் பாதுகாக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பொருந்தும் என்றார்கள். எனவே மண்டபத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். பலர் அதை வாங்கிய நாளோடு மறந்துவிடுகிறார்கள்.

ரயில் ஓடத் தொடங்கிய பிறகு வரும் சத்தம், அதிர்வு முதலியவற்றால் சொத்து மதிப்பு குறைந்தால், 1973-ஆம் ஆண்டின் நில இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் பகுதி உதவும். அது பாதை பயன்பாட்டுக்கு வந்து ஓராண்டு கழித்துத்தான். அப்போதும் சொந்தக்காரருக்கோ, குறைந்தது மூன்று ஆண்டு மிச்சமிருக்கும் குத்தகை உடையவருக்கோதான். இன்றைக்கு உங்களுக்குப் பயன்படாது. வேலையால் பொருள் எதுவும் சேதமானால், சுவர் விரிசல் விட்டதுபோல, 10,000 பவுண்டு வரையிலான சிறு கோரிக்கைகளுக்கு எச்.எஸ்.2-வில் தனி ஏற்பாடு உண்டு. அதைத் தனியாகக் கேளுங்கள்.

ஆக, உங்களுக்குத் திறந்திருக்கும் உண்மையான வழி மானியம்தான். அதை எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போன வருடம் விட்டுப்போன கட்டணத்தை ஈடுகட்டுங்கள் என்று எழுதினால் முதல் பார்வையிலேயே நிராகரிப்பார்கள். கடந்த இழப்பை நிரப்புவது இந்த நிதியின் வேலை இல்லை. இனி செய்யப்போகும், அந்தப் பகுதி மக்களுக்குப் பயன்படும் ஒரு திட்டத்தைக் காட்ட வேண்டும். எச்.எஸ்.2-வோ ஒப்பந்தக்காரரோ ஏற்கெனவே சட்டப்படி செய்தாக வேண்டிய வேலையையும் இதில் கேட்க முடியாது. லாரி நேரத்தைக் கட்டுப்படுத்துவது, சத்தத்தைத் தணிப்பது போன்றவற்றுக்கு கவுன்சிலிடமும் எச்.எஸ்.2-இன் 24 மணி நேர உதவி எண்ணிலும் முறையிடுங்கள். அந்தப் புகார் எண்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மானிய விண்ணப்பத்துக்கு அவையே சான்றாகும்.

மண்டபத்தின் பின்பகுதியைச் சீராக்கி, வார நாட்களில் முதியோர் கூடவும் சனிக்கிழமை பிள்ளைகள் படிக்கவும் இடம் செய்வது நல்ல திட்டம். தமிழ் கற்க எந்தப் பிள்ளையும் வரலாம் என்றும் எழுதுங்கள். அப்படி வருபவர்கள் இப்போதே இருந்தால் அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

இனி எண்ணிக்கை விஷயம். கூட்டிப் போடுவது கூடவே கூடாது. பணம் பெறுவதற்காகப் பொய்யான தகவல் தருவது 2006-ஆம் ஆண்டின் மோசடிச் சட்டப்படி குற்றம். அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு சிறை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. அதுமட்டுமில்லை, எண்ணிக்கை குறைந்ததுதான் உங்கள் பலம்! பாதிப்பு எவ்வளவு என்பதைத்தான் மதிப்பிடுபவர்கள் தேடுகிறார்கள். 'கட்டுமானத்தால் எங்கள் பள்ளி கடுமையாகப் பாதிக்கப்பட்டுள்ளது' என்ற வரியை எல்லோரும் எழுதுவார்கள். உங்கள் வருகைப் பதிவேட்டையும் சாலை மூடல் அறிவிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'சாலை மூடப்பட்ட இன்னின்ன சனிக்கிழமைகளில் வருகை இவ்வளவு. அதற்கு முந்தைய வாரங்களில் இவ்வளவு. பதிவேட்டின் நகலும் அறிவிப்புகளும் இணைத்துள்ளோம்' என்று எழுதலாம். எண்கள் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நகல் கொடுக்கும்போது பிள்ளைகளின் பெயர்களை மறைத்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் மனைவியின் பயம். அது நியாயமானது. பதிவு செய்யாத சங்கத்துக்கு இங்கிலாந்துச் சட்டத்தில் தனி ஆள் என்ற தகுதி கிடையாது. வங்கிக் கணக்கு இருக்கலாம், பெயர்ப்பலகை இருக்கலாம். ஆனாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது பள்ளி அல்ல, நீங்களும் தலைவரும்தான். மானிய ஒப்பந்தங்களில் பொதுவாக ஒரு நிபந்தனை இருக்கும்: பணம் சொன்ன காரியத்துக்குச் செலவாகவில்லை என்றாலோ, குறித்த காலத்துக்குள் திட்டத்தைக் கைவிட்டாலோ, திருப்பித் தர வேண்டும். சங்கத்தில் பணம் இல்லையென்றால் கையெழுத்திட்டவர்களைத் தேடி வருவார்கள். ஒருவர் பங்கை மட்டுமல்ல, முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்க முடியும். சொன்ன காரியத்துக்குச் செலவழித்து, ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்தால் இந்த நிலை வருவது அரிது. அதற்காக வீட்டை நம்பிக்கையின் பேரில் பணயம் வைக்கத் தேவையில்லை.

இதற்குச் சரியான வழி, பள்ளியை சி.ஐ.ஓ. எனப்படும் கூட்டுருவான தொண்டு நிறுவனமாக மாற்றுவது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 முதல் இந்த வடிவம் கிடைக்கிறது. பதிவானதும் அதற்குத் தனிச் சட்டத் தகுதி வந்துவிடும். ஒப்பந்தம் அதன் பெயரில் இருக்கும். அறங்காவலர்கள் தங்கள் கடமையை மீறாதவரை, அதன் கடன் அவர்கள் தலையில் விழாது. அமைப்பு விதிகளுக்கு, தொண்டு நிறுவனங்களைப் பதிவு செய்யும் சாரிட்டி கமிஷனே மாதிரி ஆவணம் தருகிறது, புதிதாக எழுத வேண்டியதில்லை. அதை ஏற்கும் செயற்குழுத் தீர்மானத்தை நிறைவேற்றிக் குறிப்பேட்டில் பதிந்துகொள்ளுங்கள். பழைய கணக்கில் உள்ள பணத்தைப் புது அமைப்புக்கு மாற்றுவதற்கும் அப்படி ஒரு தீர்மானம் வேண்டும்.

இதோடு தொடர்புடைய இன்னொன்றையும் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கல்வி என்பது தொண்டு நோக்கம். 2011-ஆம் ஆண்டின் சாரிட்டிகள் சட்டப்படி, அந்த நோக்கத்துக்காக மட்டுமே இயங்கும் அமைப்பின் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால் பதிவு செய்வது கட்டாயம். பெற்றோரிடம் வாங்கும் கட்டணத்தை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். மானியம் வரும் முன்பே எல்லையைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் பதிவு செய்யும் கடமை உங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

பதிவுக்கு மாதக்கணக்கில் ஆகலாம், கடைசித் தேதியோ அதற்குள் வந்துவிடலாம். அப்போது மண்டபத்தை நடத்தும் அறக்கட்டளையே முதன்மை விண்ணப்பதாரராக இருக்கட்டும், நீங்கள் பங்காளி. கட்டட வேலை என்றால் எப்படியும் அவர்களது எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். மணிக்கணக்கு வாடகைக்காரரின் பெயரில் கட்டட மானியம் தர எந்த நிதியும் தயங்கும். வேலை முடிந்த மறு மாதமே உங்களை வெளியேற்றிவிடாமல் இருக்க, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குச் சனிக்கிழமை நேரம் உங்களுக்கு உண்டு என்று அவர்களோடு ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது. நிர்வாகம் மாறினால் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

பணக் கணக்கில் இரண்டு இடம் கவனம். நீங்கள் வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு செய்யாதவர்கள், எனவே கட்டுநர் போடும் 20 சதவீத வாட் உங்களுக்குத் திரும்பி வராது. விலைப்புள்ளி வாங்கும்போதே வாட்டைச் சேர்த்த தொகையைக் கேளுங்கள். அப்புறம், மானியக் கடிதம் வந்து ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை கட்டுநருக்கு முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம். முன்பே தொடங்கிய வேலைக்குப் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள்.